பின்சுவர்க் குருவிகள்

டிசம்பர் 5

என் வீட்டுக்காரிக்கு,

இது நான் எழுதும் முதல் கடிதம். மாலை வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் போட்டதைப் பார்த்து எழுதியதெல்லாம் கணக்கில் வராது. இன்று வகுப்பு இல்லாததால் மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது. ஒவ்வோர் எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். சொல்லாவிட்டால் கை நகர மாட்டேன் என்கிறது.

கடிதத்தை நலத்தில்தான் தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகவே, நான் நலம். என் இருமலும் நலம். உன் அக்காவின் இடுப்பு எலும்பு ஒட்டிக்கொண்டு வருகிறதா? அவரைத் தூக்கி உட்காரவைக்கிறேன் என்று நீ உன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே.

போனில் பேசினால் ஆயிற்று, எதற்கு இந்த வேலை என்று உன் அக்கா கேட்பார். நாம் பேசிவைத்தபடியே இருக்கட்டும். போனில் எனக்கு ‘ம்’ என்பதைத் தவிர ஒன்றும் வருவதில்லை. பேனாவைப் பிடித்தால்தான் வாய் திறக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

நீ பஸ் படியில் நின்றுகொண்டு கத்தியது நினைவிருக்கிறது. “லீவு முழுக்க எண்ணணும், பின்ஜன்னல்ல உக்காந்து எண்ணணும், ஒரு நாள்கூட விட்டுடாதீங்க!” பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதை எண்ணச் சொல்கிறாய் என்று அவர்கள் நினைத்தார்களோ. நீ வருஷா வருஷம் எண்ணி நிரப்பும் பறவைச் சங்கத்தின் படிவம் ஜன்னல் கட்டையில், அதன்மேல் பென்சில். அரையாண்டு லீவு தொடங்கட்டும் என்று காத்திருக்கிறேன். பழக்கத்துக்காக இன்றே எண்ணிப் பார்த்தேன். புறா இரண்டு, காகம் ஒன்று, வாலாட்டி ஒன்று. வாழ்நாள் முழுக்கக் குருவி, குருவி என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தது நேற்றுத்தான். அவ்வளவு படபடப்பும் மூன்றே எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது!

உனக்காக ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். என்னவென்று சொல்ல மாட்டேன். பழக்கடைக்காரனிடம் ஏணி வாங்கினேன். இரண்டு கையிலும் கீறல். நகத்தில் ஏறிய பச்சைக் கறை மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. குப்பை வண்டிக்காரன் இரண்டு நடை அடித்துவிட்டு, “பெரியவரே, காட்டையே வெட்டிட்டீங்களா?” என்றான். ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் பளபளக்க வைத்த பெயின்டர், தன் வீட்டுப் பின்சுவரைப் புதருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கும்போதெல்லாம், “நான் ஊர்ல இல்லாதப்போ என்ன வேணா செஞ்சுக்குங்க” என்பாய். நீ இப்போது ஊரில் இல்லை! இன்னும் ஒரு கோட் பாக்கி. நிறத்தைச் சொல்ல மாட்டேன். இதற்குமேல் எழுதினால் சொல்லிவிடுவேன்.

தானே எழுதி, தானே மடித்து, தானே ஒட்டிய
உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 6

வீட்டுக்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறது. அக்காவுக்கு வலி இருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. படுத்த இடத்திலிருந்தே வீட்டை ஆட்டிவைக்கிறாள். உங்கள் இருமலுக்கு மருந்து மேல்தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். நீங்கள் படிப்பதற்காகப் பெரிய எழுத்தில் பிரித்துப் பிரித்து எழுதுகிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.

கிளம்பிய அவசரத்தில் முக்கியமானதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். ஜன்னலில் உட்கார்ந்து எண்ணுவது பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதி இருட்டும் நேரத்தில். நம் பின்சுவரில் படர்ந்திருக்கிறதே கொடி, அதற்குள்தான் இந்தத் தெருச் சிட்டுக்குருவிகள் அத்தனையும் தூங்குகின்றன. ஒன்று ஒன்றாக வந்து நுழையும். நுழைந்தபின் கொஞ்ச நேரம் உள்ளே இடத்துக்குச் சண்டை. பிறகு சட்டென்று ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் இத்தனை காலமும் வேலையில் இருந்தீர்கள், இப்போது வகுப்பில் இருக்கிறீர்கள். அதனால் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால், “ஏன், குருவிக்கு வாடகைக்கு விட்டிருக்கியா?” என்று கேட்பீர்கள்.

உள்ளே போகிறவற்றை எண்ணுங்கள். வெளியே வந்து மறுபடி போவதைக் கழித்துவிடுங்கள். கொடியில் ஓர் இலையைக்கூடத் தொட வேண்டாம். இந்தக் குளிரில் அவற்றுக்கு வேறு இடம் கிடையாது. உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். அதனால்தான் வந்த நாலாம் நாளே இதை எழுதுகிறேன்.

அடுத்த வீட்டுத் தையற்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள். வாடிக்கைக்காரியின் வெள்ளைக் கவுனில் எச்சம் விழுந்துவிட்டது என்று, “உன் குருவிக்கெல்லாம் டயப்பர் மாட்டிவிடு” என்றாளே, நான் அதை மறக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


டிசம்பர் 13

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. வாழ்நாளில் எனக்கென்று வந்த முதல் கடிதம். தபால்காரர் முன்னாலேயே பிரித்து, முதல் வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். பாவம், வெயிலில் நின்று கேட்டார். மீதியை உள்ளே வந்து படித்தேன். பெரிய எழுத்தில் எழுதியதற்கு நன்றி. ஒரு சொல்கூடத் தப்பவில்லை. தப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில சமயம் தோன்றுகிறது. அது சும்மா சொன்னது.

நான் நலம். மருந்து கிடைத்தது. உன் அக்காவுக்கு என் வணக்கம்.

கொடியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். சரி.

முதல் கடிதத்தில் ஏதோ வேலை என்று உளறியிருந்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அது சமையலறை அலமாரிக் கதவு. அதற்குத்தான் பெயின்ட் அடித்தேன். பச்சை. நகத்தில் இருந்ததும் அந்தப் பச்சைதான். ஏணி எதற்கு என்றால், அலமாரி உயரத்தில் இருக்கிறது அல்லவா.

வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். சாயங்காலங்களில் வீட்டில்தான் இருக்கிறேன். இருட்டும் நேரத்தில் பின்பக்கம் ஏணியில் ஏறி நிற்கிறேன். கொடிக்குள் நேற்று இருபத்தேழு போயின. சண்டை போட்டன. பிறகு நீ சொன்னபடியே ஓய்ந்துவிட்டன.

குளிர் இந்த வருஷம் அதிகம். காலையில் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. உனக்கு அங்கே கம்பளி போதுமா?

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 20

வீட்டுக்காரருக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “உன் பெயின்டர் பரவாயில்லயே. ஆரம்பிச்ச உடனே கதையெல்லாம் எழுதறாரு” என்றாள். இப்போது கைத்தாங்கலாக நாற்காலி வரைக்கும் வருகிறாள். வந்து சேர்ந்ததும் என்னைத் திட்டுகிறாள், மெதுவாகக் கூட்டி வந்தேனாம்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது. சுவருக்குப் பட்டி பார்த்த கை, கோடு விலகுவதில்லை. என் முழங்காலை, இங்கே எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லாமல், இழுத்துக்கொண்டு நடக்கிறேன்.

அலமாரிக் கதவு பச்சையாகிவிட்டதா? வந்து பார்க்கிறேன்.

குருவிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். எந்தப் பக்கமாக நுழைகின்றன, மேல்விளிம்பிலிருந்தா, மழைநீர்க் குழாய்ப் பக்கமாகவா? ராத்திரிக் குளிரில் சத்தம் எதுவும் கேட்கிறதா? இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. லீவு முடிந்ததும் படிவத்தைக் கொண்டுபோய் சங்கத்துச் செயலாளரிடம், நம் கண்ணாடிக் கடைக்காரரிடம், கொடுக்க வேண்டும். அடியில் என் பெயரைப் போடாதீர்கள். எண்ணியவர் யாரோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 2

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம் என்றே எழுதுகிறேன். தூக்கம் மட்டும் சரியில்லை. குளிராக இருக்கலாம். உன் முழங்காலுக்குச் சூடான துணி வைத்துக் கட்டு. எண்ணெயை நீயே கொஞ்சம் தேய்த்துக்கொள், சோம்பல்படாதே.

குருவிகள் மேலேயும் நுழைகின்றன, குழாய்ப் பக்கமாகவும் நுழைகின்றன. ராத்திரியில் சத்தம் எதுவும் இல்லை.

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். வாலாட்டி, புறா, காகம், மைனா எல்லாம் நானே பார்த்தது, நானே எழுதியது. சிட்டுக்குருவி நாற்பத்தைந்து. போன வருஷம் நீ நாற்பத்து மூன்று எழுதியிருந்தாய் அல்லவா? பழைய படிவத்தைப் பிரித்துப் பார்த்தேன். இப்போதுதான் படிக்கத் தெரியுமே.

கண்ணாடிக் கடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். கடையில் இருந்தவர்களிடம், “இவர்தான் எண்ணினவர்” என்றார். அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வகுப்பில் நோட்டுப் புத்தகம் முழுக்கப் போட்டுப் பழகிய கையெழுத்து. வெளி ஆள் கேட்டுப் போட்டது இதுதான் முதல் தடவை.

என் பெருவிரல் எத்தனையோ காகிதத்தில் மை ஒற்றியிருக்கிறது. மேஸ்திரி நீட்டுவார், கம்பெனிக்காரன் நீட்டுவான், நான் விரலை நீட்டுவேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பின்னால் ஏதாவது தகராறு வந்தால், “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க” என்பேன். விட்டுவிடுவார்கள். நானும் என்னை விட்டுவிடுவேன்.

இந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பனி இறங்குகிறது. நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 8

வீட்டுக்காரருக்கு,

இங்கே யாவரும் நலம். அக்கா ஊன்றுகோலுடன் நடக்கிறாள்.

கண்ணாடிக் கடைக்காரர் இங்கே போன் பண்ணினார். ஊரில் எல்லாத் தோட்டங்களிலும் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறதாம். நம் பின்சுவரில் மட்டும்தான் கூடியிருக்கிறதாம். மனிதர் மூச்சு விடாமல் பேசினார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, இருட்டும் நேரத்தில், சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வரப்போகிறார். அந்தக் கொடி என்ன கொடி என்று பார்த்து, அதையே எல்லார் வீட்டிலும் நடச் சொல்லப்போகிறாராம். கிளை வெட்டிக்கொண்டு போகக் கத்தியும் கொண்டுவருவாராம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணியவர் நீங்கள்.

வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுங்கள். கப்பு அலமாரியில் இருக்கிறது, உங்களுடைய பச்சை அலமாரியில்.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 17

என் வீட்டுக்காரிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலிலேயே எழுதினால் அதிலேயே ஒளிந்துகொள்வேன்.

கொடி இல்லை. நீ போன மறுநாளே ஏணி வைத்து ஏறி, வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன். சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு மஞ்சள் அடித்தேன். உன் கடிதம் வந்தபோது இரண்டாவது கோட்டும் காய்ந்துவிட்டிருந்தது. நான் எழுதிய இருபத்தேழும் இல்லை, நாற்பத்தைந்தும் இல்லை. தினமும் ஏணியில் ஏறி நின்றது மட்டும் உண்மை. ஒன்றாவது திரும்பி வருமா என்றுதான் நின்றேன். அலமாரிக் கதவும் பொய். உனக்கு எழுதிய பிறகுதான் அதற்குப் பச்சை அடித்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

உன் கடைசிக் கடிதம் வந்ததும் குருவிகளைத் தேடிக்கொண்டு கிளம்பினேன். எங்கேயாவது போய்த்தானே தூங்க வேண்டும்? இருட்டும் நேரத்தில் தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு வேலிக்கும் காது கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக் காவல்காரர், “என்னங்க தொலைச்சீங்க?” என்று டார்ச் அடித்தார். கடைசியில் சத்தம் கேட்டது நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே. தையற்காரி வீட்டுப் பின்பக்கம், ஓடாத வேன் ஒன்று நிற்கிறதே, அதன்மேல் முள்செடி ஏறிக் கிடக்கிறது. அதற்குள்.

நீ பேசாதே என்று எழுதியிருந்தாய். நான் கதவைத் தட்டினேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“வாங்கண்ணே. எப்ப வருவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். ஒரு மாசமா வேலிக்கு மேல உங்க தலை மட்டும் தெரியுது, பொம்மை கணக்கா.”

“குருவி பாக்கணும்மா.”

“குருவி பாக்கறாராம்! அந்த மஞ்சச் சுவரைப் பாத்துப் பாத்து என் கண்ணு கூசிப்போச்சு, ஊசியில நூல் கோக்க முடியல. அதுங்க எப்படிப் பாத்துச்சோ.”

“வந்துச்சா? சுவத்துக்கு வந்துச்சா?”

“வராம? நீங்க பெயின்ட் அடிச்ச அன்னிக்கே வந்துச்சு. சுவத்துல ஒட்டப் பாக்கும், வழுக்கி விழும், மறுபடி ஏறும். பொழுது சாயறவரைக்கும் அதே வேலை. நான் இந்த ஜன்னல்லதான் மெஷின் தைச்சிட்டிருந்தேன். உங்களக் கூப்பிடலாம்னு பாத்தா, நீங்க உள்ள உக்காந்து சத்தமா எழுத்துக் கூட்டிட்டிருந்தீங்க. ஒரே சந்தோஷம் குரல்ல. சரி, பெரியவர் என்னமோ படிக்கறாருன்னு விட்டுட்டேன்.”

அன்று நான் உனக்கு முதல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறுநாள் காலையில் சுவரைப் பார்த்தேன். மேல்பகுதி முழுக்கச் சின்னச் சின்னக் கீறல். பிரஷ்ஷில் ஏதோ முடி உதிர்ந்திருக்கிறது என்று நினைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல்தான் இரண்டாவது கோட் அடித்தேன். உன் கடிதத்தைப் படித்தபோதுதான் அது கால் நகம் என்று புரிந்தது. அதற்குப் பிறகுதான் உனக்கு அலமாரி என்று எழுதினேன்.

முள்செடிக்குள் எண்ணிப் பார்த்தேன். தையற்காரியும் கூட நின்று எண்ணினாள். பத்தொன்பது. மற்றவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா போகட்டும் என்று நின்றேன். போனதும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அந்தப் பத்தொன்பதைப் போட்டுக்கலாங்களா?” என்று கேட்டேன்.

“அது உங்க வீட்டுத் தோட்டமா?”

“இல்லீங்க.”

“உங்க வீட்டுல எத்தனை?”

“ஒண்ணுமில்லீங்க.”

“அதை எழுதுங்க.”

ரப்பரைத் தேடினேன். கையைப் பிடித்துக்கொண்டார். “அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல எழுதி, அதுக்கும் கையெழுத்துப் போடுங்க.” அடித்தேன். நாற்பத்தைந்து இன்னும் அப்படியே படிக்க வருகிறது, அதன் குறுக்கே என் கோடு, பக்கத்தில் பூஜ்யம், அதன் பக்கத்தில் என் கையெழுத்து. அந்தப் படிவம் சங்கத்தில் என்றைக்கும் இருக்குமாம். நீ இத்தனை வருஷம் சேர்த்துவைத்த வரிசையில் நான் போட்டது இது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அக்கா எப்படி இருக்கிறார்?

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 3

என் வீட்டுக்காரிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்க்கும்போதே தலையை ஆட்டிவிடுகிறார். அக்காவுக்கு உடம்பு மோசமாகிவிடவில்லையே? அதை மட்டுமாவது ஒரு வரியில் எழுது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கத்து ஆட்கள் வந்தார்கள். வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், கண்ணாடிக் கடைக்காரர் சொல்லவில்லை. தையற்காரி வீட்டு முள்செடியைப் பார்க்கக் கூட்டி வந்தார். போகும்போது நம் பின்சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் நின்று சுவரைத் தடவிப் பார்த்து, “அருமையான வேலை, யார் அடிச்சது?” என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். என் தொழிலில் இப்படி ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! “நான்தான்” என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

தையற்காரிக்குப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த குளிருக்கு அவளும் எண்ணப்போகிறாள். “உங்க வீட்டம்மா வந்து என்னைக் கொல்லப் போறாங்க” என்கிறாள். துணி காயப்போடும் கயிற்றை அவளாகவே அவிழ்த்து முன்பக்கம் கட்டிவிட்டாள். நான் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் வேனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சில நாள் பதினேழு, சில நாள் பத்தொன்பது. கூடவில்லை.

பின்சுவரில் ஆணி அடித்துக் கம்பி கட்டியிருக்கிறேன். கொடியின் வேர் ஒன்று சுவரடியில் மிச்சமிருந்தது. அதைத் தொடவில்லை. முளைக்குமா என்று தெரியாது. முளைத்தாலும் நம் தலைக்கு மேலே போக எத்தனை வருஷமோ.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ வந்து திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதித் திட்டாதே. நேரில் திட்டினால் காதோடு போய்விடும். எழுதினால் நான் எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டே இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 11

வீட்டுக்காரருக்கு,

அக்கா நன்றாக இருக்கிறாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நடக்கிறாள். பயப்பட வேண்டாம். பதில் எழுதாதது கோபத்தால் என்று நினைத்திருப்பீர்கள். முதலில் கோபம்தான்.

எழுதித் திட்ட வேண்டாம் என்றீர்கள். எழுதித்தான் திட்டுவேன். கேட்காமல் கொடியைப் பிடுங்கியது முட்டாள்தனம். அதை நான் எப்படியோ பொறுத்துக்கொள்வேன், ஊரில் இல்லாதபோது செய்துகொள்ளுங்கள் என்று சொன்ன வாய் என் வாய். ஆனால் எழுதக் கற்றுக்கொண்ட கையோடு எனக்குப் பொய் எழுதினீர்களே. இருபத்தேழு குருவி சண்டை போட்டு ஓய்ந்தது என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நிஜமாக இருக்குமோ என்று நம்பினேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக உங்களை மன்னிக்கமாட்டேன். இந்தப் பத்தியை எடுத்து எடுத்துப் படியுங்கள்.

இனி என் பக்கம். நீங்கள் செய்தது எனக்கு உங்கள் முதல் கடிதத்திலேயே தெரியும். ஏணி, பச்சைக் கறை, குப்பை வண்டி, ஒரு கோட் பாக்கி. தெரியாமல் இருக்க நான் என்ன குழந்தையா? படித்ததும் போனைக் கையில் எடுத்தேன். அக்கா, “வேண்டாம், அவரே எழுதறாரான்னு பாப்போம்” என்றாள். அக்காமேல் பழி போடவில்லை. எனக்கும் பார்க்க வேண்டும் போல இருந்தது. அதனால்தான் எந்தப் பக்கமாக நுழைகின்றன என்று கேட்டேன், கையெழுத்தை உங்களையே போடச் சொன்னேன், கப்பு பச்சை அலமாரியில் இருக்கிறது என்று எழுதினேன். உங்களை நெளியவிட்டு இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே போன் பண்ணியிருந்தால், நீங்கள் அன்றைக்கே ஓடியிருப்பீர்கள். சுவரில் பழைய சாக்கைத் தொங்கவிட்டிருப்பீர்கள், உடைந்த கூடைகளை மாட்டியிருப்பீர்கள். உங்கள் கை சும்மா இருக்காது. அதில் சில தூங்கியிருக்கும். அந்த வாரம்தான் குளிர் கடுமையாக இருந்தது, நீங்களே எழுதியிருந்தீர்கள், வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை என்று. அதைப் படித்தும் நான் போன் பண்ணவில்லை. பத்தொன்பது போக மீதியைப் பற்றி நீங்கள் ஒருவரே நினைத்துக்கொண்டிருப்பதாக நினைக்காதீர்கள். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எழுதத் தெரியும், இருந்தும்.

வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் கிளம்புகிறேன். இருட்டும் நேரத்துக்கு வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், நீங்கள் வந்தால் யார் எண்ணுவது? வேனுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். பெட்டியோடு நேராக அங்கேதான் வருவேன். நான் தையற்காரியோடு பேசுவேன் என்று அவளிடம் சொல்லி வைக்காதீர்கள். எண்ணுவதற்கு வாய் தேவையில்லை.

உங்கள் வீட்டுக்காரி